வியாழக்கிழமை காய்ச்சிய கொழுப்பு

நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். நான் குடிக்கிறவன் அல்ல, கண்பார்வையும் சரியாகத்தான் இருக்கிறது. பதினாறு வருடமாக ஆரல் கடற்கரையில் படகு மோட்டார்களைப் பிரித்து மாட்டுகிறேன். எண்ணெய்ப் பிசுக்கில் கை வைத்துப் பிழைப்பவனுக்குக் கற்பனை செய்ய ஏது நேரம்? நடந்ததை, நடந்த மணியோடு சொல்கிறேன்.

அக்டோபர் மாதம், ஒரு திங்கட்கிழமை. உல்ஜான் தன் கணவனின் படகை டிரெய்லரில் இழுத்து வந்தாள். நான்கு மீட்டர் அலுமினியப் படகு. முன்னால் ஸ்டீரிங், பின்னால் மோட்டார். இரண்டு வருடத்துக்கு முன் இதே மாதத்தில், நடுக்கடலில் ஆளில்லாமல் மிதந்த படகு அது. அவள் கணவன் எஸ்காலி கொண்டுபோன ரொட்டியும் வெங்காயமும் பிரிக்காமல் இருந்தன. எஸ்காலியைத்தான் காணவில்லை.

அதே வாரம் மீன் கொள்முதல் நிலையத்தில் வேலை பார்த்த ஒருத்தியும் ஊரை விட்டுப் போனாள். ஊர் வாய்க்கு அது போதாதா? இரண்டு பேரும் தூரத்து அஸ்திரகான் பட்டணத்துக்கு ஓடிவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"மோட்டாரை ரிப்பேருக்குக் கொண்டுவந்தியா, இல்ல ரெண்டு வருஷமா உப்புல ஊறுகாய் போட்டுக் கொண்டுவந்தியா?" என்றேன்.

"ஊறுகாயா இருந்தா நானே வித்திருப்பேனே, தோலெப் அண்ணே. இந்த வருஷம் நானே வலை போடப் போறேன். ஓட வச்சுக் குடுங்க." அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "ஒண்ணு மட்டும். அவரு படகுன்னு நினைச்சு துவா கிவா ஓதிடாதீங்க. அதெல்லாம் செத்தவங்களுக்கு."

"ஊருல பேசுறது உனக்குத் தெரியும்ல?"

"பேசட்டும். எவளோடயாவது குடும்பம் நடத்தட்டும் அண்ணே. எங்கயோ உயிரோட இருந்தா எனக்கு அது போதும்."

நான் டிரெய்லர் கொக்கியைக் கழற்றப் போனேன்.

எங்கள் பக்கத்தில் வியாழன் சாயங்காலம் இறந்தவர்கள் தங்கள் வீட்டு வாசலுக்கு வருவார்கள். அவர்களுக்காக எண்ணெயில் ஏழு வட்ட ரொட்டி பொரிப்போம். ரொட்டி அக்கம்பக்கத்துக்கு, வாசனை அவர்களுக்கு. வாசனை வராத வீட்டிலிருந்து பசியோடு திரும்புவார்களாம். உல்ஜான் இரண்டு வருடமாக வியாழக்கிழமைகளில் அடுப்பே மூட்டவில்லை. ரொட்டி பொரித்தால் அவன் செத்துவிட்டான் என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

செவ்வாய்க்கிழமை கார்புரேட்டரைக் கழுவி, தீப்பொறி வரவைத்து, உடைந்த தண்ணீர் பம்ப்பை மாற்றினேன். பிறகு ஸ்டீரிங். அதிலிருந்து இரண்டு கம்பிகள் குழாய்களின் வழியே மோட்டாருக்குப் போகின்றன. யாரோ தலைகீழாகக் கட்டியிருந்தார்கள். இடப்பக்கம் வரவேண்டிய கம்பி வலப்பக்கம். சக்கரத்தை இடது பக்கம் திருப்பினால் படகு வலது பக்கம் போகும். "எந்தக் கழுதை கட்டியது?" என்று திட்டிக்கொண்டே நேராக மாற்றினேன். மாலை ஏழு மணிக்குப் பட்டறையைப் பூட்டினேன். சாவி என் சட்டைப் பையில்.

புதன் காலை 7.10.

கம்பிகள் மறுபடி தலைகீழாக இருந்தன.

இறுக்கமான மீனவ முடிச்சு. நான் போடாத முடிச்சு. ஓட்டுகிறவன் உட்காரும் பலகை ஈரமாக இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

பத்து மணிக்கு உல்ஜான் எட்டிப் பார்த்தாள். கம்பிகளைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"மாத்தாம அப்படியே விட்டீங்களே! சின்ன வயசுல படகுக்குப் பின்னாடி சுக்கான் கட்டை பிடிச்சே ஓட்டிப் பழகினவரு. அதுல இந்தப் பக்கம் தள்ளினா அந்தப் பக்கம் போகும்ல? ஸ்டீரிங்கையும் அதே மாதிரி கட்டிக்கிட்டாரு. வேற யாருக்கும் இது ஓட்ட வராது."

நான் மாற்றியதைச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மாலை. கம்பி குழாய்க்குள் இறுகிப்போய் அசையவே இல்லை. கிரீஸ் டப்பா காலி. சனிக்கிழமைதான் கடை வண்டி வரும். பழைய மீனவர்கள் செய்வதுபோல் செம்மறியாட்டு வால் கொழுப்பை ஒரு கரண்டியில் போட்டு ஸ்டவ்வில் காய்ச்சினேன். மணி 5.20. கொழுப்பு புகைந்தது. கொதிக்கக் கொதிக்கக் குழாயில் ஊற்றினேன். வாசனை பட்டறை முழுக்க நிறைந்தது...

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மோட்டார் நினைப்பில் கிழமையை மறந்திருந்தேன்.

கிரீச்...

ஸ்டீரிங் மெல்ல இடது பக்கம் திரும்பியது. நின்றது.

கிரீச்... வலது பக்கம்.

நான் பின்னால் மோட்டாரோடு நின்றேன். முன்னால் யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது.

பலகை 'டக்' என்றது. ஆள் உட்காரும் சத்தம். கட்டைகள் மேல் நின்ற படகு முன்பக்கமாகக் கொஞ்சம் தாழ்ந்தது.

"யாரு?"

பதில் இல்லை. ஒரு மூச்சு மட்டும்... நீளமாக... உள்ளே இழுக்கும் மூச்சு. பசித்தவன் அடுப்படியில் நின்று இழுப்பானே, அப்படி.

அப்போதுதான் கிழமை நினைவுக்கு வந்தது.

என் கைகள் துவாவுக்கு உயர்ந்தன. பாதியில் நிறுத்தினேன். ஓதாதீங்க என்று அவள் கேட்டிருந்தாள்.

பயத்தைவிட அழுகைதான் முதலில் வந்தது. சொல்ல வெட்கமில்லை.

5.34. கதவு திறந்தது. உல்ஜான்.

"என்ன பொரிக்கிறீங்க?" என்றாள். வாசனை அவள் வீடுவரை போயிருந்தது.

கிரீச்...

அவள் பார்த்தாள். சக்கரம் அவள் பக்கமாகத் திரும்பி நின்றது.

"காத்து," என்றாள்.

"உல்ஜான்..."

"காத்துதான் அண்ணே!"

வெளியே ஒரு புல்கூட அசையவில்லை.

மறுநாள் மோட்டார் இரண்டாவது இழுப்பிலேயே கிளம்பியது. கம்பிகளை நான் தொடவில்லை. படகைக் கொண்டுபோனவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து, மறுபடியும் ஒரு வியாழன். எதிர்க்கரையில் ஒட்டகம் மேய்ப்பவர்களின் குடியிருப்பு ஒன்று உண்டு. அங்கே ஒரு மோட்டாரைக் கொடுக்கப் போயிருந்தேன். மோட்டார்காரரின் மனைவி கராகத், வியாழக்கிழமை ரொட்டியைப் பொரித்துக்கொண்டிருந்தாள். மணி மூன்று.

"யாருக்கு?" என்றேன்.

"பேரு தெரியாது. ரெண்டு வருஷம் முன்னாடி கடல் ஒதுக்கிப் போட்ட ஆளு. போலீசுல எழுதிக் குடுத்தோம், யாரும் தேடி வரல. நாங்களே அடக்கம் பண்ணினோம். நாதியத்தவன் பசியோட அலையக் கூடாதில்ல? வாரம் தவறாம சுடுறேன்."

"அடையாளம்... ஏதாவது?"

"இடது சுண்டுவிரல் பாதிதான் இருந்துச்சு."

அந்த விரலை மோட்டார் விசிறி வெட்டிய நாளில், ரத்தத்தோடு எஸ்காலியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் நான்தான்.

"ஆனா ஒரு விஷயம்," என்றாள், குரலைத் தாழ்த்தி. "கிட்ட வந்து மோந்து பாருங்க."

வாணலிக்கு மேல் குனிந்தேன். எண்ணெய் கொதித்தது. ரொட்டி சிவந்து உப்பியது. புகை என் கண்ணைக் கரித்தது.

வாசனை இல்லை.

துளிகூட இல்லை.

"மூணு வாரமா இப்படித்தான். எண்ணெயை மாத்தினேன், மாவை மாத்தினேன். வர மாட்டேங்குது. வாங்கிக்க ஆளில்லாட்டா வாசனை எழும்பாதும்பாங்க. அவன் இப்போ இங்க இல்ல."

"முதல்ல எப்போ?"

விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். நான் கொழுப்பு காய்ச்சிய அதே வியாழன்.

அன்று மாலை 5.40-க்கு உல்ஜான் வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே அடுப்பு அணைந்து கிடந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். விரலைச் சொன்னபோது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை.

ஒன்றுதான் கேட்டாள். "அந்தம்மா ஒரு வாரம்கூட விடலையா?"

"விடல தங்கச்சி. ரெண்டு வருஷமும் அவன் பசியோட இல்ல."

"இந்த மூணு வாரம்?"

அங்கே இல்லாதவன் எங்கே இருப்பான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூன்று வியாழனாக அவன் எந்த வீட்டு வாசலில் நின்றிருப்பான் என்றும் தெரியும்.

அவள் உள்ளே போனாள். மாவு டப்பாவைத் திறந்தாள். அடுப்பைப் பற்ற வைத்தாள். பிசைந்த கையோடு திரும்பி வந்து, பாதி சாத்தியிருந்த வாசல் கதவை அகலத் திறந்து வைத்தாள்.