அம்மாவின் முகம் பார்த்து கியர் மாற்றியவர்

தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் வயிற்று ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டுக்குக் கிளம்பிய அன்று, பேசி வைத்த வாடகைக் கார் வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்திருந்த பெண்தான், "உடன்குடிக்குத்தானக்கா? நான் கொண்டு விடுதேன்" என்றார். துறைமுகத்தில் வேலையாம். ஒட்ட வெட்டிய தலைமுடி, கையில் பெரிய கடிகாரம்.

வெளியே அவருடைய காரைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. வேகத்துக்கென்றே செய்த சிவப்புக் கார், கிளப்பியதும் உறுமியது. இருமினாலே தையல் வலிக்கிறதென்று அழுகிற அம்மாவை முன்சீட்டில் சாய்த்துப் படுக்க வைத்தோம்.

உப்பளங்களைத் தாண்டும்போது கியர் மாறுவது காதுக்குத்தான் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. கிளட்ச்சை விடும்போதெல்லாம் அவர் அம்மாவின் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"எப்படிம்மா இப்படி ஓட்டுதிய?" என்று கேட்டேன்.

"அம்மா முகம் சுருங்குச்சுன்னா அடுத்த கியர இன்னும் மெல்லப் போடுதேன். அவ்வளவுதாங்க்கா."

ஆத்தூர்ப் பாலம் வருவதற்குள் வயிற்றைப் பிடித்திருந்த அம்மாவின் கை தளர்ந்தது. தூங்கிவிட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை.

வீட்டில் எங்களை இறக்கிவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார். மெயின் ரோட்டில் ஏறியதும் கார் போட்ட சத்தத்தில் அம்மா படுத்தபடியே பதறினாள்.

"ஏளா, அந்தப் பிள்ளைக்குப் போன் போடு. மெதுவாப் போகச் சொல்லு."

பேரும் நம்பரும் கேட்காமல் விட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்போதும் ரோட்டில் ஏதாவது கார் உறுமினால், அம்மா வாசலைப் பார்த்து, "பாத்துப் போ பிள்ள" என்கிறாள்.