டீசல் தாங்கிக்குள் தண்ணீர்

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்த நாளிலிருந்து எங்கள் பெக்கோ வேப்பமரத்தடியில்தான் நின்றது. அவர் வாங்கி, அவரே ஓட்டிய, மண் வெட்டுகிற பழைய மெசின். வாய்க்கால் வெட்ட, குளக்கட்டுக்கு மண் போட என்று அக்கராயனிலிருந்து துணுக்காய் வரை கொண்டுபோவார். இப்போது வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போய், விறாந்தைக் கதிரையில் இருந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பார். சோற்றைக் கையில் எடுத்தால் முகத்தைத் திருப்புவார். ஒரு நேரச் சாப்பாட்டுக்கு நான் கெஞ்சிக் கூத்தாட வேண்டும்.

மாரிக்கு முன்னம் வயல் வாய்க்கால்களைத் துப்புரவாக்க ஊர்க் கமக்காரர் மெசின் தேடினார்கள். "உங்கடை பெக்கோ ஓடுமெண்டால் அதையே எடுக்கிறம். ஓட்ட ஆள் இருக்கு" என்றார்கள். வருமானம் வரும் என்பது ஒருபுறம். அந்தச் சத்தத்தைக் கேட்டால் இந்த மனுசன் கொஞ்சமாவது திரும்பி வருவார் என்று நான் நம்பினேன். ஆரிடமும் சொல்லவில்லை.

பூவரசங்குளத்திலிருந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த முஸ்லிம் மனிதர். என் கணவரோடு நெடுநாள் பழக்கம். அண்ணன் முறையில் நான் நானா என்றுதான் கூப்பிடுவேன். வந்ததும் மெசினிடம் போகவில்லை. விறாந்தைக்கு ஏறி என் கணவருடைய இடக்கையைப் பிடித்தார்.

"தம்பி, உன்ர மெசினைக் கழட்டப் போறன். பாத்துக்கொண்டிரு."

கணவர் தொண்டைக்குள் ஏதோ ஒலி எழுப்பினார்.

பக்கத்து வளவு உழவு மெசினின் பற்றரியைக் கொண்டுவந்து பூட்டினோம். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை.

"புகையே வரேல்லைத் தங்கச்சி. அப்பிடியெண்டால் எஞ்சினுக்கு டீசல் போகேல்லை."

தாங்கியின் அடித் திருகைக் கழற்றினார். முதலில் வந்தது தண்ணீர். அதன்பின் கறுப்பாய், சளி போல ஒன்று இழுபட்டு விழுந்தது. நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன். தாங்கி அரைகுறையாய்க் கிடந்தால் உள்ளே வேர்த்துத் தண்ணீர் இறங்கும், அந்தத் தண்ணீரில் இந்த அழுக்கு வளரும் என்றார் நானா. தாங்கியை இறக்கிக் கழுவினார். குழாய்களை ஊதி அடைப்பெடுத்தார். வெடித்திருந்த றப்பர்க் குழாயை மாற்றி, புதுப் பில்ற்றர் போட்டார். புதுடீசல் ஊற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை. குழாய்க்குள் காற்று நின்றுவிட்டதாம்.

எஞ்சின் பக்கத்தில் டீசலை இழுத்துவிடுகிற சின்னப் பம்ப் ஒன்று இருக்கிறது. அதன் பிடியைப் பெருவிரலால் மேலும் கீழும் அடிக்கிற வேலை எனக்கு. நானா பில்ற்றரின் மேல் திருகை இளக்கிப் பிடித்தார். டீசல் நுரைத்து நுரைத்து வந்தது.

"குமிழி நிக்குமட்டும் அடியுங்கோ. விட்டிடாதேங்கோ."

விரல் மரத்துப்போய்த் தலையை நிமிர்த்தினேன். விறாந்தையில் அவருடைய இடது பெருவிரல் கதிரைக் கையில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. என்னோடு சேர்ந்து அவரும் அடித்துக்கொண்டிருந்தார்.

குமிழி நின்றது. நானா ஏறி இருந்து திறப்பைத் திருப்பினார். வெள்ளைப் புகை, பிறகு கறுப்புப் புகை, பிறகு அந்தச் சத்தம். கோழிகள் சிதறி ஓடின. விறாந்தையில் என் கணவருடைய வாய் ஒருபக்கம் கோணிக்கொண்டு திறந்தது. சிரிப்பா அழுகையா தெரியவில்லை. எனக்கு அது போதும் போலிருந்தது.

கொஞ்ச நேரந்தான். சத்தம் ஒருதரம் உரத்து எழும்பி, மெலிந்து, நின்றுவிட்டது.

நானா இறங்கி, எஞ்சினுக்குப் போகிற குழாய்களை இளக்கி, எஞ்சினை மறுபடி சுற்றவிட்டுப் பார்த்தார். ஒரு சொட்டும் வரவில்லை. எஞ்சினுக்குள் டீசலைச் சீறியடிக்கிற பெரிய பம்பைக் கழற்றி உள்ளே விரல் விட்டார். செம்மண் நிறத்தில் துரு ஒட்டிக்கொண்டு வந்தது.

"தண்ணி இதுக்குள்ளையும் போயிட்டுது. துருப்பிடிச்சு இறுகிட்டுது. இவ்வளவு நேரம் ஓடினதே பெரிய காரியம்."

"வேற பம்ப் எடுக்கேலாதோ நானா?"

"இவ்வளவு பழைய மெசினுக்குப் புதுசு வாறேல்லை. பழசு கிடைச்சாலும் இதே கதிதான். பொய் சொல்லி உங்களை அலைய விடமாட்டன்."

கையைத் துடைத்துக்கொண்டு நானா படலையைத் திறந்து, என் கணவரிடம் சொல்லிக்கொள்ளாமலே போனார். நானாவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்கும்தான். ஆனால் நான் போக வேறு இடமில்லை. விறாந்தைக்கு ஏறினேன். அவருடைய பெருவிரல் இன்னும் அடித்துக்கொண்டே இருந்தது. அதை என் கைக்குள் பிடித்தேன்.

"நிண்டு போச்சப்பா. இனி வேண்டாம், விடுங்கோ."

என் உள்ளங்கைக்குள்ளும் அது அசைந்தது.

அடுத்த கிழமை வாய்க்கால் வேலைக்கு வெளியூர்ப் பெக்கோ ஒன்று வந்தது. வயல் கடந்து அதன் சத்தம் வீட்டுக்குள் வந்தபோது, கட்டிலில் கிடந்த அவர் தன்னுடைய நல்ல கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடினார். யன்னலைச் சாத்தினேன். சத்தம் குறையவில்லை. அந்த மெசின்காரரிடம் போய் நிறுத்தச் சொல்ல எனக்கு என்ன நியாயம் இருக்கிறது? பின்னேரம் அவர்கள் வேலையை விட்டுப் போகுமட்டும் கட்டில் விளிம்பில் இருந்தேன். போர்வையை விலக்க எனக்குத் தைரியம் வரவில்லை.