பரண்மேல் தேகப்பயிற்சி

சர்க்கரை கூடியதால் என் கணவரை டோர்வல் நகரில் பிரெஞ்சு பேசும் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். கணவருக்குப் பிரெஞ்சு வராது, நான்தான் மொழிபெயர்த்தேன். தேகப்பயிற்சி உண்டா என்று டாக்டர் கேட்டார்.

"மூஸ் மான் வேட்டைக்குப் போறனான் எண்டு சொல்லும்," என்றார் கணவர்.

மரத்தில் கட்டிய பரணில் ஏறி, பொழுதுபடும்வரை அசையாமல் இருப்பதுதான் அவருடைய வேட்டை. அதையும் ஒளிக்காமல் சொல்லி, "சும்மா இருப்பதுதானே?" என்று கேட்டேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சும்மாவா? கண், காது, மூச்சு எல்லாமே வேலை செய்யும். நானும் பரணில் இருந்து வேட்டையாடுபவன்தான்." படிவத்தில் 'சுறுசுறுப்பானவர்' என்று எழுதினார்.

"என்னவாம்?" என்று கணவர் கேட்டார்.

"ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் நடக்கட்டாம்," என்றேன்.

நடந்தார். மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்கியது. பரணின் பலன் என்றார் டாக்டர்.