கூம்பிய கண்

அந்த வருடங்களில் என் களைப்பு உடம்பில் இல்லை, கண்ணில் இருந்தது. காலையில் எழும்போதே பொழுது சாய்ந்த மாதிரி இருக்கும்.

கோப்பெங் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தோம். எனக்கென்று ஒதுக்கிய மரங்கள், அதாவது என் நிரை, அவருடைய நிரைக்கு அடுத்தது. பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் கத்தி கட்டையில் பட்டு மரத்துக்குக் காயம். என் வெட்டைக் காட்டித்தான் கங்காணி புதிதாக வந்தவர்களைத் திட்டுவார். அதில் எனக்குப் பெருமை நிறையவே இருந்தது. மறைப்பானேன்?

மூத்த பிள்ளை நடக்கத் தொடங்கிய சமயத்தில் விளக்குச் சுடர் மூன்றாகத் தெரிந்தது. பிறகு மரத்தில் வெட்டுக்கோடும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கலைந்து தெரிந்தது. எது நிஜக் கோடு என்று கண்ணை இடுக்கிப் பார்த்து, குத்துமதிப்பாகக் கத்தியை வைப்பேன்.

நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், லயத்தில், எல்லோரும் ஒரே தீர்ப்புச் சொன்னார்கள். கண்ணில் ரப்பர் பால் தெறித்திருக்கிறதாம். பால் வடிய மரத்தில் கட்டிய கிண்ணத்தில், அந்த மங்கில், மிஞ்சிய பால் உறைந்து தோலாகிவிடும், விரலால் இழுத்தால் உரிந்து வரும். கண்ணிலும் அப்படி ஒரு தோல் படர்ந்திருக்கிறது, அதை உரித்துவிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். நாள் முழுக்க அந்தப் பாலோடு கிடக்கிறவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காரி தாய்ப்பால் பீச்சிவிட்டாள். இன்னொருத்தி விளக்கெண்ணெய் விட்டாள். தோல் உரியட்டும் என்று நானும் விடாமல் கண்ணைக் கசக்கினேன். கசக்கும்போது சற்று நேரம் சுகமாக இருக்கும், அப்புறம் முன்னைவிட மோசமாகத் தெரியும்.

ஒருநாள் கங்காணி என் மரங்களைச் சுற்றிவந்து, காயங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

"பட்டயச் சீவச் சொன்னா கட்டயத் தோண்டி வச்சிருக்கியேம்மா. தொர பாத்தா என்னயத்தான் கேப்பாரு. இந்த மாசம் பாக்குறேன். சரிப்படலன்னா புல்லுக்குப் போயிரு."

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். அன்று கத்தியைத் துடைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனேன். புல்வெட்டு என்றால் பொழுது முழுக்க வெயிலில் குனிந்து கிடப்பது. அதுகூடப் பரவாயில்லை. கைக்கு நன்றாகத் தெரிந்த வேலையைக் கண் பிடுங்கிக்கொள்வதுதான் பொறுக்கவில்லை.

வீட்டுக்காரர் என்னை ஈப்போவுக்கு அழைத்துப்போனார். மூக்குக்கண்ணாடி விற்கும் சீனர் கடையில் இருந்த எல்லாக் கண்ணாடியையும் போட்டுப் பார்த்தேன். கோடுகள் இடம் மாறினவே தவிர ஒன்றாகவில்லை. கடைசியில் அந்த மனிதரே அலுத்துப்போய், "தா போலே லா", முடியாது என்று மலாயில் சொல்லிக் கையை விரித்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் என்னைக் குனிந்து தரையைப் பார்க்கச் சொல்லி, பக்கவாட்டில் நின்று வெகுநேரம் பார்த்தார். அவர் சொன்னதைத் தமிழில் எடுத்துச் சொன்னவர் அங்கே வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர்.

"உங்கட கண்ணின்ர முன்பக்கம் கூம்பிப் போச்சுது, பிள்ளை. உருண்டையா இருக்க வேண்டிய இடம். இதுக்கு மூக்குக்கண்ணாடி சரிவராது. இனிக் கண்ணைக் கசக்கவே கூடாது."

ஜெர்மனியில் இப்படிப்பட்ட கண்ணுக்கென்றே முட்டை ஓடு மாதிரி மெல்லிய கண்ணாடி செய்து, இமைக்குள்ளே கண்ணின் மேலேயே பொருத்திப் பார்க்கிறார்களாம். இந்தப் பக்கத்தில் யாரிடமும் அது கிடையாதாம். கண்ணுக்குள் கண்ணாடியா என்று வீட்டுக்காரர் மிரண்டுபோனார். நான் மிரளவில்லை. அங்கேயே கொடுத்திருந்தால் அங்கேயே போட்டுக்கொண்டிருப்பேன்.

டாக்டர் ஒரு கறுப்பு அட்டையைக் கையில் கொடுத்தார். நடுவில் ஊசித் துளை. ஜன்னல் பக்கம் நின்று அதன் வழியாகப் பார்த்தேன். சுவரிலிருந்த படத்தின் சட்டம் ஒரே சட்டமாக நின்றது. வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். கன்னம் ஒட்டி, மீசையில் நரை விழுந்திருந்தது. இவர் எப்போது இப்படி ஆனார் என்று அழுகை வந்துவிட்டது. அவரோ, வலிக்கிறதா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் பால் டின்னின் தகரத்தை வெட்டி, துளையிட்டு, உள்ளே விளக்குக் கரி பூசி, துணிப்பட்டையில் தைத்துக் கொடுத்தார். அன்று மாலை கட்டிக்கொண்டு போய் என் மரங்களைப் பார்த்தேன். வெட்டுக்கோடு ஒன்றுதான். லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மறுநாள் இருட்டோடு பெரட்டில் நின்று, ஆள் கணக்கு எடுத்து முடிந்ததும் நிரைக்குப் போனோம். மரநிழலில் வெறுங்கண்ணுக்கே அரைகுறையாகத்தான் தெரியும். தகரத்தைக் கண்ணில் கட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு சின்னத் துளையில் வெளிச்சம் எவ்வளவு நுழையும்? டாக்டர் பட்டப்பகலில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார். பால் எந்த நேரத்தில் வடியும் என்று அவருக்குத் தெரியாது. தினம் அந்த நேரத்தில் மரத்தடியில் நிற்கிற எங்கள் இரண்டு பேருக்கும் அது ஏன் தோன்றவில்லை? சிரிப்பு வந்தது, சுத்தமான ஆத்திரத்தில்.

வெளிச்சம் வரும்வரை காத்திருந்து வெட்டிப் பார்த்தேன். அதற்குள் வெயில் ஏறிவிடும், பால் நாலு சொட்டோடு நின்றுவிடும். வீட்டுக்காரர் தன் நிரையை முடித்துவிட்டு ஓடிவந்து என் நிரையையும் வெட்டினார். சில நாளில் அவருக்குக் கை தூக்க முடியாமல் போயிற்று. எனக்கு இனி நிரை வேண்டாம் என்று நானே போய்க் கங்காணியிடம் சொன்னேன்.

என்னைப் புல்லுக்கு மாற்றினார்கள். என் நிரை வேறொருவனுக்குப் போயிற்று.

ஒருநாள் அந்த மரங்களுக்கு அடியிலேயே புல் வெட்ட விட்டார்கள். நல்ல வெயில். நிமிர்ந்து தகரத்தின் வழியாகப் பார்த்தேன். புது ஆளின் வெட்டு துல்லியமாகத் தெரிந்தது. மரத்துக்கு மரம் கட்டைவரை இறங்கியிருந்தது. அந்தப் பக்கம் வந்த கங்காணியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் மரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இங்கேருந்தே தெரியுதா ஒனக்கு?"

"தெரியுதுங்க."

அந்த வெட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"சரிம்மா. புல்லப் பாரு."

குனிந்து புல்லைப் பார்த்தேன். ஒவ்வொரு தாளும் தெளிவாகத் தெரிந்தது.