நான்காம் முறை நின்றவர்

எனக்கு வாய் சும்மா இருக்காது. அதனால் வந்த வினைதான் இது. கோவையில் வீட்டிலிருந்தே மொழிபெயர்த்துப் பிழைக்கிறேன். அப்போது கையில் இருந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மாகாணம் ஒன்றின் சட்டமன்றத்துக்குப் போன ஒரு விவசாயியின் வாழ்க்கை வரலாறு. அன்றன்று முடித்ததைக் காங்கேயம் பக்கத்தில் தோட்டத்தில் இருக்கும் அப்பாவுக்குப் போனில் சொல்வேன்.

அப்பாவுக்கு அந்த மனிதர் மேல் பைத்தியமே பிடித்துவிட்டது. பிடிக்காதா பின்னே? அவரைப் போலவே அப்பாவும் ஊராட்சித் தலைவராக இரண்டு தடவை ஜெயித்து, மூன்றாம் தடவை தோற்றவர். அந்த அமெரிக்கர் தோற்ற வருஷமே அவர் மனைவி இறந்துபோனாள். என் அம்மாவும் அப்படித்தான் போனாள்.

"உன்ற அமெரிக்காக்காரரு நாலாந்தடவ நின்னாரா கண்ணு?"

"நின்னாருங்கப்பா" என்று சொல்லித் தொலைத்தேன்.

"அப்ப நானும் நிக்கறேன்."

அதற்கப்புறம்தான் மீதிப் பக்கங்களைப் படித்தேன். ஜெயித்திருக்கிறார். வலக்கையை உயர்த்தி உறுதிமொழி சொல்லும்போது பாதியிலேயே விழுந்து இறந்திருக்கிறார். அப்பாவுக்கு இதயத்தில் ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்திருக்கிறது. முடிவை அவரிடம் சொல்லாமல் மறைத்தேன்.

எங்கள் பக்கம் சாமியிடம் பூக் கேட்காமல் பெரிய காரியம் எதையும் தொடங்க மாட்டார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு. சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட வேண்டும். பொட்டலம் கட்டியது நான். இரண்டிலும் செவ்வரளியையே வைத்துக் கட்டினேன். பாவம்தான். அப்பா உயிரோடு இருந்தால் போதும் என்றிருந்தது. பூசாரி கையில் கொடுக்கும்வரை இரண்டும் என் மடியில்தான் இருந்தன.

அவர் ஒன்றைப் பிரித்தார். நந்தியாவட்டை, வெள்ளை வெளேரென்று.

"உத்தரவாயிருச்சுங்க" என்றார்.

இன்னொன்றை நான் வாங்கிப் பிரித்தேன். செவ்வரளிதான் இருந்தது.

திரும்பும் வழியில் காரை ஓரங்கட்டி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், அந்த அமெரிக்கர் செத்த கதையையும் பூ விஷயத்தையும். அப்பா கோபப்படவில்லை.

"செத்தது தெரியும் கண்ணு. பாதி வாசகம் நின்னுபோச்சுன்னு ஒரு மாசமா தெனமும் வெடியக்காலைல வந்து அவருதான் சொல்லிக்கிட்டிருக்காரு."

எந்த பாஷையில் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அப்பா ஜெயித்தார். பதவியேற்பன்று தண்ணீர் பாட்டிலும் மாத்திரையுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். யாரும் சொல்லாமலே அப்பா வலக்கையைத் தூக்கினார். வாசித்துக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். நான் மாத்திரையோடு எழுந்துவிட்டேன். பிறகு மீதியை வாசித்தார். அது அப்பாவின் குரல் இல்லை.

இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முடிச்சுக் குடுத்துப்போட்டேன் கண்ணு. இனி வரமாட்டாரு."

நான் அத்தனை பேர் முன்னாலும் அழுதேன்.