ஜெனரேட்டரில் பதிவான இசைத்தட்டு

மாமா அப்போது ஒரு மோட்டாரைப் பிரித்துப்போட்டு, கருகிய செம்புக் கம்பியை இடுக்கியால் பிடுங்கிக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி அவர். மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். கடை முழுக்க வார்னிஷ் வாடை. உட்கார ஒரே ஒரு ஸ்டூல். அதிலும் அவர் உட்கார்ந்திருந்தால் வருகிறவர்கள் வாசலில் நின்றுதான் பேச வேண்டும். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"மாமா, உங்களுக்கு ஒரு மெயில் வந்திருக்கு. என் அட்ரஸுக்கு."

"எனக்கு வர்றது ஏன் உன் அட்ரஸுக்கு வருது?"

"உங்களுக்குன்னு ஒண்ணு இருந்தா அதுக்கு வரும்."

"சரி, என்ன எரிஞ்சுபோச்சாம்? மிக்ஸியா, பம்ப்செட்டா?"

"எதுவும் எரியல. வெளிநாட்டுல ஒரு சின்னக் கம்பெனி. உங்க பேண்டோட ரெக்கார்டை மறுபடியும் வெளியிடப் போறாங்களாம்."

இடுக்கி நின்றது. "எந்த பேண்டு?"

"ஏன், ஊருக்கு ஒண்ணு வச்சிருந்தீங்களா?"

"அதை எவன் கேப்பான்? அன்னிக்கே ஒருத்தனும் கேக்கல."

"இப்ப கேக்குறாங்க மாமா. எழுபதுகள்ல யாரும் கவனிக்காம விட்ட பேண்டுகளைத் தேடிப் பிடிக்கிறதுதான் அவங்க வேலையே. உங்களைப் பத்தி ஒருத்தர் எழுதுனதையும் அனுப்பியிருக்காங்க. படிக்கட்டுமா?"

"படி. வேற வேலை இல்லாதவன் என்ன எழுதியிருக்கான்னு பாப்போம்."

நான் அவர்கள் மொழியில் வாசித்து, நம் மொழியில் சொன்னேன். "'ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. ஏழு ஏழாக எண்ணிப் போகும் தாளம். டிரம்ஸ் வாசிப்பவருக்கு எத்தனை கைகள் என்று சந்தேகம் வருகிறது.'"

மாமா வாய்விட்டுச் சிரித்தார். "எங்க டிரம்ஸ்காரன் உருளைக்கா? அவன் சாப்பிடக் கூப்பிட்டாலே ஆற அமரத்தான் வருவான். அவனுக்கு எத்தனை கையாம்! மேல படி."

"'பாடியவரின் குரல் ஆணுடையதா சிறுவனுடையதா என்று சொல்ல முடியவில்லை. இந்த உலகத்துக் குரலாகவே அது இல்லை.'"

அவர் சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது.

"அவன் குரல் அப்படி இல்ல," என்றார்.

"பின்ன?"

"கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும். அவனை நெட்டைன்னுதான் கூப்பிடுவோம், அவன் மேசையில கை ஊனிப் பேசுனா மேல இருக்கிற கிளாஸ் அதிரும்."

"ரெக்கார்டுல அப்படிக் கேக்கலையே மாமா."

"கேக்காது. அது நான் பண்ண வேலை," என்று சொல்லிவிட்டு மறுபடியும் கம்பியைப் பிடுங்கத் தொடங்கினார்.

அவர் ஒரு காலத்தில் ஆர்கன் வாசித்தவர் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது பழைய பல்வலியைப் போலத்தான் பேச்சில் வரும். அவர் கேட்க யாரும் சொல்ல மாட்டார்கள். மற்றபடி எங்களுக்கு அவர் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வந்து, குழம்பில் உப்பு கூடுதல் என்று அம்மாவைச் சீண்டி, கிளம்பும்போது ஏதாவது ஒரு ஸ்விட்சைச் சரிசெய்துவிட்டுப் போகும் ஆள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைக்குப் பின்னாலிருந்த அறையில் ஒரு கட்டிலும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் ஒரு பழைய ரெக்கார்டு பிளேயரும் வைத்திருந்தார். அந்தப் பிளேயர் ஓடி நான் பார்த்ததில்லை.

அன்றைக்கும் அடுத்தடுத்து நான் போன நாட்களிலும் கேட்டுத்தான் முழுக் கதையும் கிடைத்தது. அவர்கள் நான்கு பேர். துறைமுகத்துக் கப்பல்காரர்கள் விட்டுப்போன இசைத்தட்டுகளைத் தேய்ந்துபோகும்வரை கேட்டு, ஒரு அச்சகத்தின் ஐந்தாவது மாடியில் பயிற்சி செய்தவர்கள். லிஃப்ட் கிடையாது, ஆர்கனைத் தோளில் தூக்கித்தான் ஏற்றினார்கள். மூன்று நிமிடப் பாட்டு அவர்களுக்குப் போதவில்லை. புல்லாங்குழலும் எலக்ட்ரிக் கிடாரும் சண்டை போட்டுக்கொண்டு போய், நடுவில் எல்லாம் ஓய்ந்து, நெட்டையின் குரல் மட்டும் அடியிலிருந்து எழுந்து வர வேண்டும். அந்த ஓர் இடத்துக்காகத்தான் மொத்தப் பாட்டையும் கட்டினோம் என்றார் மாமா.

பதிவு செய்யப் போன அன்று மின்சாரம் இல்லை. நாளைக்கு வரலாம் என்று மற்ற மூவரும் சொன்னார்கள். மாமாவுக்குப் பொறுக்கவில்லை. தான் வேலை பார்த்த பட்டறையிலிருந்து ஜெனரேட்டரைக் கொண்டுவந்து ஸ்டுடியோவின் பின்சந்தில் நிறுத்தினார். அதன் உறுமல் மைக்கில் விழுந்தது. சாக்கு போட்டு மூடிப் பார்த்தார். பிறகு வேகத்தைக் குறைத்துவைத்தார். சத்தம் அடங்கியது. எல்லோரும் அவர் முதுகில் தட்டினார்கள்.

ஜெனரேட்டர் மெதுவாக ஓடியதால் டேப் மெஷினும் மெதுவாக ஓடியது. அங்கேயே போட்டுக் கேட்டபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஏனென்றால் கேட்டதும் அதே மெதுவான ஓட்டத்தில். தட்டு வேறு ஊரில், ஒழுங்கான மின்சாரத்தில் தயாராகி வந்தது. மெதுவான ஓட்டத்தில் பதிந்தது அதில் முழு வேகத்தில் ஓடியது, உருளையின் கைகள் பறந்தன, நெட்டையின் குரல் கீச்சென்று மெலிந்துபோயிருந்தது.

அதற்கு முன்பு அவர்கள் யாரும் தங்கள் இசையைத் தட்டில் கேட்டதில்லை. நெட்டை முகம் வெளுத்துப்போய், "என்னடா இது, என் குரலா?" என்று கேட்டிருக்கிறார். மாமாதான் பதில் சொன்னார். "எல்லாருக்கும் அப்படித்தான்டா இருக்கும். நம்ம குரல் நம்ம காதுக்கு வேற மாதிரி, மத்தவங்க காதுக்கு வேற மாதிரி."

"அப்ப உங்களுக்கு விஷயம் தெரியாதுல்ல?" என்று நான் கேட்டேன்.

"சொல்லும்போது தெரியாது. அந்த வாரமே தெரிஞ்சுபோச்சு. ரெக்கார்டை ஓட விட்டு, கூடவே ஆர்கனை வாசிச்சுப் பாத்தேன். எந்தக் கட்டையை அமுக்கினாலும் சேரல. எல்லாமே மேல ஏறியிருந்துச்சு. நான் மெக்கானிக்கு. எனக்குப் புரியாம இருக்குமா?"

"சொல்லியிருக்கலாமே மாமா."

"சொல்லலாம்னுதான் போனேன். போற வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன். அங்க போனா, நான்தான் அவசரப்பட்டு அன்னிக்கே பதிவு பண்ண எல்லாரையும் இழுத்துட்டு வந்தேன்னு உருளை கத்திக்கிட்டு இருந்தான். அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

வானொலியில் அந்தப் பாட்டைப் போட்டவர், பாடியது அணில்பிள்ளை என்று கேலி செய்தார். அடுத்த கச்சேரியில் முன்வரிசைப் பையன்கள் அணில் மாதிரிக் கீச்சிட்டார்கள். நெட்டை மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார், வாய் திறக்கவில்லை. கிடார் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக் காத்திருந்து பார்த்தது. அதோடு எல்லாம் முடிந்தது. மாமா ஆர்கனை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். நெட்டை ஒரு காகிதக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார், குடித்தார், ஈரல் கெட்டு இறந்தார். அத்தனை வருடமும் மாமா அந்த வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். புதிதாகப் போடுகிற தட்டு சரியான வேகத்தில் வர வேண்டும். நெட்டையின் குரல் நெட்டையின் குரலாக வெளியே வர வேண்டும்.

கம்பெனி அனுப்பிய பாட்டைக் கணினியில் போட்டு வேகத்தைக் குறைக்க முடியும் என்றேன். கணினியையும் ஸ்பீக்கரையும் கடைக்கே எடுத்துப்போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும். இன்னும் கொஞ்சம்," என்றார். கீச்சுக்குரல் சிறுவனாகி, இளைஞனாகி, சட்டென்று ஓர் இடத்தில் கனத்த ஆண்குரலாக இறங்கி உட்கார்ந்தது. மேசைமேல் கிடந்த திருகாணிகள் நடுங்கின. "நிறுத்து. அதான்," என்றார். பிறகு குழாயடிக்குப் போய் நெடுநேரம் கை கழுவினார். கையில் அப்போது அழுக்கே இல்லை.

கம்பெனிக்காரர் மரியாதையாகத்தான் பதில் எழுதினார். ரசிகர்களுக்குப் பழகியது அந்த வேகமும் அந்தக் குரலும்தான், அதை மாற்ற முடியாது. ஆனால் திருத்திய வடிவத்தை இரண்டாவது தட்டாகச் சேர்க்கலாம், பாடகரின் குடும்பம் சம்மதித்தால்.

நெட்டையின் மனைவி ஒரு அடுக்குமாடி வீட்டின் தரைத்தளத்தில் இருந்தார். ஜன்னலோரம் தையல் மெஷின், அதன் மேல் பாதி தைத்த பள்ளிச் சீருடை. மாமாவைப் பார்த்ததும், "வாங்கண்ணே, நேத்துல இருந்து ஃபேன் கடகடன்னுது. மோப்பம் பிடிச்சு வந்துட்டீங்களா?" என்று சிரித்தார்.

"ஃபேனை அப்புறம் பாப்போம். இதைக் கேளும்மா," என்றார் மாமா.

நான் ஃபோனில் ஓடவிட்டேன். அவர் கல்யாணமாகி வந்தபோது நெட்டை பாட்டை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. வீட்டில் ரேடியோ வைக்கவும் விடமாட்டாராம். அடுத்த அறையிலிருக்கும் பிள்ளைகளைக் கூப்பிடக்கூடக் கைதான் தட்டுவாராம், குரலை உயர்த்த மாட்டாராம். அந்தக் குரல் அடியிலிருந்து எழுந்து வந்த இடத்தில் அந்த அம்மா சீருடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இது அவரா?"

"அவன்தாம்மா. இதுதான் அவன் குரல்." மாமா ஜெனரேட்டர் கதையைச் சொன்னார். மறைக்காமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "இது உங்களுக்கு எப்பத் தெரியும்ணே?" என்றார்.

கம்பெனிக்காரர் எழுதிய பிறகுதான் தெரிந்தது என்று சொல்லியிருந்தால் போதும், காரியம் முடிந்திருக்கும். எங்கள் வீட்டில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். மாமா சொன்னார், "ரெக்கார்டு வந்த வாரமே தெரியும்மா."

தையல் மெஷினின் சக்கரத்தை அந்த அம்மா கையால் மெல்லத் தள்ளிவிட்டார். அது சுற்றி நின்றது.

"அதுக்குத்தானா இத்தனை வருஷமா எங்க வீட்டு ஃபேனையும் மிக்ஸியையும் சும்மா ரிப்பேர் பண்ணிக் கொடுத்தீங்க?"

மாமா கடகடத்த ஃபேனை அண்ணாந்து பார்த்தார்.

"அவர் ஆஸ்பத்திரியில கிடந்தப்பவும் தெரியும். பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக் கொடுத்தீங்களே, அப்பவும் தெரியும். 'உன் குரல் நல்லாதான்டா இருந்துச்சு'ன்னு ஒரு வார்த்தை. அது போதுமே. அதுகூட வாயில வரலையா?"

"வரல," என்றார் மாமா.

"வெளிநாட்டுல அந்தக் கீச்சுக்குரல் பிடிச்சிருக்குல்ல? அதையே வச்சுக்கட்டும். அன்னிக்குச் சிரிச்சவங்களுக்கும் இது கிடையாது, இன்னிக்குக் கைதட்டுறவங்களுக்கும் கிடையாது. நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "எனக்கு மட்டும் அதை அனுப்பிடும்மா. நீயும் ஒண்ணு வச்சுக்க, என் ஃபோன் கெட்டுப்போனா நான் யார்கிட்டப் போவேன்? ஆனா உங்க மாமாவுக்குப் போட்டுக் காட்டக் கூடாது. அவர் கேட்டது போதும்."

வெளியே வந்தபோது பின்னால் அந்த ஃபேன் கடகடத்துக்கொண்டிருந்தது. மாமா வாசற்படியில் ஒரு கணம் நின்றார், பிறகு நடந்தார்.

தட்டு பழைய வேகத்திலேயே வெளிவந்தது. உறையில் ஐந்தாவது மாடியின் புகைப்படம், உள்ளே நான்கு பேரைப் பற்றிப் புகழ்ச்சி. 'இந்த உலகத்துக் குரலாகவே அது இல்லை' என்ற வரியைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். கடைக்கு இரண்டு இளைஞர்கள் வந்து மாமாவோடு படம் எடுத்துக்கொண்டார்கள். "எப்படி சார் அவ்வளவு வேகமா வாசிச்சீங்க?" என்று ஒருவன் கேட்டான். "கரண்ட் இல்ல தம்பி, அதான்," என்றார். அவர்கள் அதை ஜோக் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்கள்.

அதன்பின் அவருக்கு வேலை ஓடவில்லை. சுற்றிய கம்பியைத் திரும்பப் பிரித்தார், பிரித்ததை மேசையிலேயே போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் குழம்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், அம்மாவுக்கு அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. நெட்டையின் வீட்டுக்கு அவர் மறுபடி போகவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை. மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வார்னிஷ் புகையைக் காலமெல்லாம் சுவாசித்த நுரையீரல், இனி பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் அம்மாவிடம் வராந்தாவில் வைத்துச் சொன்னார்.

ஒரு நாள் மதியம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். மாமா ஆக்ஸிஜன் குழாயை மூக்கிலிருந்து சற்று விலக்கிவிட்டு, கட்டிலோரம் இருந்த என் ஃபோனைப் பார்த்தார்.

"அது இன்னும் உன்கிட்ட இருக்கா?"

"இருக்கு மாமா."

"அந்தம்மா சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு."

கொஞ்சநேரம் மூச்சு வாங்கிக்கொண்டார். நான் குழாயைச் சரிசெய்யப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இனி எனக்கு நினைவு ஒரு நிலையில இருக்காது. கடைசில நான் கேட்டாலும் கேப்பேன். கெஞ்சுவேன், உன்னைத் திட்டுவேன். எனக்கு அதைப் போட்டுடாத, கண்ணு."