இல்லாத அண்ணனுக்குத் தம்பி

யாராவது கூப்பிட்டால் மற்றவர்கள் "வரேன்" என்பார்கள், இல்லையென்றால் "என்ன?" என்பார்கள். லிஃப்ட்காரர் மட்டும் "இருக்கேன்" என்பார். குளியலறைக் கதவைத் தட்டினாலும் அதே பதில்தான். தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டாலும் அவர் வாயிலிருந்து அது தானாக வந்துவிடும். சமையலறையில் பாத்திரம் விழுந்தால்கூட முன்னறையிலிருந்து "இருக்கேன்" என்று குரல் வரும்.

"நீங்க இருக்கறது தெரியும். பாத்திரம் நெளிஞ்சுதா இல்லையான்னுதான் தெரியலை" என்பாள் அவர் மனைவி.

தொழிலில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. லிஃப்ட் பழுது பார்க்கும்போது ஒருவர் கூண்டுக்கு அடியில் குழிக்குள் இறங்கியிருப்பார், இன்னொருவர் மொட்டை மாடியில் மோட்டார் அறையில் நிற்பார். மேலே இருப்பவர் சுவிட்சில் கை வைக்கும் முன் "இருக்கீங்களா?" என்று கத்த வேண்டும். கீழிருந்து "இருக்கேன்" என்று பதில் வந்து, எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறேன் என்றும் சொன்ன பிறகுதான் கூண்டு அசையலாம். பதில் வராவிட்டால் சுவிட்சைத் தொடக் கூடாது. அந்த வேலையில் இதைவிடப் பெரிய சட்டம் கிடையாது.

மகளுக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு நாள் பதில் வரவில்லை. பள்ளி விடுமுறை. பாதி கட்டி முடித்த ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அவருக்குச் சாப்பாடு எடுத்துப் போயிருந்தாள். அவர் ஏணி வழுக்கிக் குழிக்குள் விழுந்திருந்தார். மேலே இருந்தவர் கத்திக் கத்திப் பார்த்துவிட்டுப் படியில் ஓடி வந்துகொண்டிருந்தார். அதற்குள் அவள் தரைத்தளத்தில், கதவு மாட்டாத லிஃப்ட் வாய்க்கு அருகே மண்டியிட்டு, இருட்டுக்குள் "அப்பா" என்று கூப்பிட்டாள். அவள் குரல் மேலே போய், எங்கேயோ முட்டி, அவளிடமே திரும்பி வந்தது. மறுபடி கூப்பிட்டாள். ஈரச் சிமெண்ட் வாசனையும் கிரீஸ் வாசனையும் தவிர அங்கிருந்து எதுவும் வரவில்லை. வெகுநேரம் கழித்து, வேறு யாருடையதோ போல ஒரு குரல், "இருக்கேன் பாப்பா" என்றது.

முழங்கால் போனது. அதற்குப் பிறகு அவர் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடந்தார். மற்றபடி எல்லாம் பழையபடி ஆனது.

பள்ளி முடித்த வருடம் அவள் ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாள். மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஆள் எடுக்கிற இடமில்லை அது. படிப்பு, பள்ளிக்கு வெளியே செய்தவை, ஆசிரியர் தரும் கடிதம், சொந்தக் கையால் எழுதிய ஒரு கட்டுரை, நேர்முகம் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஆளை முழுசாகப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம்.

"முழுசான்னா? எக்ஸ்ரே எடுப்பாங்களா?" என்றார் லிஃப்ட்காரர். "எடுத்தா என் காலைக் காட்டு. உள்ள ரெண்டு போல்ட் கிடக்கு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய் என்ற கேள்விக்குக் கீழே அகலமாக இடம் விட்டிருந்தார்கள். இசை, நீச்சல், தொண்டு, தலைமைப் பொறுப்பு என்று உதாரணங்களும் கொடுத்திருந்தார்கள். பள்ளிக்கு வெளியே அவள் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறாள். கடைசியில், ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு தேய்க்கும் வேலை பார்க்கும் அம்மாவுக்கு மடித்துக் கொடுத்ததை எழுதினாள். எழுதிவிட்டு அதை அடித்தாள். கட்டுரை ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

கட்டுரையில் அந்தக் குழியை எழுதினாள். மண்டியிட்டதும், குரல் திரும்பி வந்ததும், சிமெண்ட் வாசனையும் அவள் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்துவிட்டன. அவர்கள் கொடுத்திருந்த அளவு மீறிப் போயிற்று. கடைசிப் பத்தி நாலே வரி. அதில்தான் அப்பா பதில் சொல்கிறார். அந்தப் பத்தியை வெட்டினாள். இப்போது கட்டுரை, இருட்டுக்குள் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சிறுமியோடு முடிந்தது. படித்துப் பார்த்தாள், அவளுக்கே உடம்பு சில்லிட்டது. இதுதான் நல்ல முடிவு என்று தோன்றியது. அளவுக்காக வெட்டினாளா, அந்தச் சில்லிப்புக்காக வெட்டினாளா என்பதை அவளால் இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. அளவுக்காக என்றால் நடுவிலும் வெட்டியிருக்கலாம்.

நேர்முகத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். பேசியது, அவள் மேடம் என்று கூப்பிட்ட பேராசிரியைதான். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். கட்டுரை அவர் முன்னால் இருந்தது, ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தது.

"அன்னைக்கு உனக்கு என்ன வயசு?"

"பத்து, மேடம்."

"அதுக்கப்புறம் வீட்டை யார் பாத்துக்கிட்டாங்க?"

"அம்மா."

எல்லாம் உண்மை. அப்பா படுத்திருந்த மாதங்களில் அம்மாதான் பார்த்துக்கொண்டாள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பா இல்லாம இவ்வளவு தூரம் வந்திருக்கே" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். இப்போது சொல்லியிருக்கலாம். நேரம் இல்லை என்று சொல்லிக்கொள்ள முடியாது. பக்கத்திலிருந்தவர் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினார், அதை எடுத்து முழுவதும் குடித்தாள். குடித்து முடித்து, குவளையை வைத்து, "தேங்க்ஸ் மேடம்" என்றாள்.

இடம் கிடைத்தது. கட்டணம், விடுதி எல்லாம் அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். கடிதத்தை முன்னறையில் நின்று சத்தமாக வாசித்தாள். பழைய சோபாவில் அப்பா, பக்கத்தில் நாற்காலியில் அம்மா. கீழே மேடம் தன் கைப்பட எழுதியிருந்த வரியில் அவள் குரல் நின்றுபோனது. முன்கூட்டிப் படித்துப் பார்க்காத முட்டாள்தனம்.

"என்ன, நிறுத்திட்டே? படி" என்றார் லிஃப்ட்காரர்.

"உன் தந்தை இருந்திருந்தால் மிகவும் பெருமைப்பட்டிருப்பார்."

"இருந்திருந்தாவா? அப்ப நான் யாரு, வாடகைக்கு வந்தவனா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. அவள் சொன்னாள். கடைசிப் பத்தி, மேடம், தண்ணீர்க் குவளை, எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா எழுந்துவிட்டாள்.

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், இவ என் புருஷனைக் கொன்னு சீட்டு வாங்கிட்டு வந்திருக்கா! நாளைக்கே போய் உண்மையைச் சொல்லு. சீட்டு போனா போகட்டும்."

"போனா அப்புறம் என்ன பண்றது?" என்றார் லிஃப்ட்காரர். "விரிப்பு தேய்க்கவா?"

"தேய்க்கட்டும். நான் தேய்க்கலையா?"

லிஃப்ட்காரர் முழங்காலை நீவிக்கொண்டிருந்தார். பிறகு, கடையில் மிச்சச் சில்லறையை விட்டுக்கொடுப்பவர் மாதிரி சொன்னார்: "நாலு வருஷம்தானே. நாலு வருஷம் நான் செத்திருந்துட்டுப் போறேன். உனக்குக் கூட வர ஆள் வேணும்னா சித்தப்பான்னு சொல்லிக்கோ. எனக்குத்தான் தம்பி கிடையாதே, அந்த வேலை காலியாத்தான் இருக்கு."

"பேசறதைப் பாரு" என்றாள் அம்மா. "நான் அந்தப் பக்கம் வர மாட்டேன். இல்லாதவரோட பொண்டாட்டின்னு அங்க போய் நிக்க என்னால முடியாது." சொன்னபடியே அவள் போகவில்லை.

முதல் நாள் பல்கலைக்கழகத்தின் பெரிய கூடத்தில் மாணவர்களை முன்னாலும் கூட வந்தவர்களைப் பின்னாலும் உட்கார வைத்திருந்தார்கள். மேடையில் ஒரு பெண் ஒலிபெருக்கியில் பதிவு எண்ணை வாசித்து, கூட வந்தவரைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். மகளுடைய எண் வந்தது.

"கூட வந்தவர்?"

"இருக்கேன்!"

குழிக்குள்ளிருந்து கத்துகிற அளவுக்குக் கத்திவிட்டார். கூடம் சிரித்தது. "இருக்கறது தெரியுது சார், என்ன உறவு?" என்றார் மேடைப் பெண். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த நாற்காலியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓசை அடங்கி, பின்னாலிருந்து குரல் வந்தது, இந்த முறை மெதுவாக: "சித்தப்பா. அப்பாவோட தம்பி."

அவர் நன்றாகவே நடித்தார். பயப்படும்படி நன்றாக. வெளியே வராந்தாவில் மேடம் வந்து கை கூப்பி, "உங்க அண்ணனைப் பத்தி இவ எழுதினதைப் படிச்சேன்" என்றதும், அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அண்ணன் மாதிரி வராது மேடம்" என்றார். மேடம் போன பிறகு கண்ணைத் துடைத்தார். அது நடிப்பா என்று அவள் கேட்கவில்லை.

அதன் பிறகு அண்ணன் அவர்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டார். முதலில் வேடிக்கையாகத்தான். கறி வாங்க மறந்தால், "அண்ணன் இருந்தா மறந்திருக்க மாட்டாரு" என்பார் லிஃப்ட்காரர். சட்டைப் பொத்தான் அறுந்தால், "அண்ணனோட சட்டை இது, எனக்கு எங்க பொருந்தும்?" என்பார். அம்மா கரண்டியை ஓங்குவாள். மெல்ல மெல்ல அந்த அண்ணனுக்கு ஒரு குணம் வந்தது. பொறுமைசாலி. குடிக்காதவர். மகளை ஒரு நாளும் அதட்டாதவர். லிஃப்ட்காரர் தன்னிடம் இல்லாததையெல்லாம் அவருக்குக் கொடுத்தார். ஒரு முறை சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து, "நீ நல்லவன்யா, போய்ட்டே" என்று முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. அன்றைக்கு அவர் யாரையும் சிரிக்கவைக்கப் பார்க்கவில்லை.

விடுதியில் அறைத்தோழிகள் பக்கத்திலேயே இருப்பார்கள். தொலைபேசியில் அவள் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டாள். நாக்கு பழகிவிட்டது. இரண்டாம் வருட விடுமுறையில் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்ச் செம்பு அவர் பக்கம் இருந்தது. "சித்தப்பா, அதை இப்படித் தள்ளுங்க" என்றாள்.

அம்மாவின் கை தட்டிலேயே நின்றது. வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள், அது கிளம்பாமல் இருமியது. லிஃப்ட்காரர் தலை நிமிரவில்லை.

"இருக்கேன்" என்றார். செம்பைத் தள்ளினார்.

மூன்றாம் வருடம் விடுதிக்குச் சாமான் கொண்டுவந்தபோது மேடம் அவரைத் தன் அறைக்கு அழைத்துத் தேநீர் கொடுத்தார். அந்த அறையில் புத்தகங்கள் தரையிலும் அடுக்கியிருந்தன. உட்கார இடம் தேடி அவர் நின்றார். "இவ எழுத்துல உங்க அண்ணனோட குரல்கூட இல்லை, கவனிச்சீங்களா? இவ கூப்பிடறா, அவ்வளவுதான். அவர் எப்படிப்பட்ட ஆளு? ஒரு நாள் உக்காந்து முழுசாச் சொல்லணும் எனக்கு" என்றார் மேடம்.

லிஃப்ட்காரர் மகளைப் பார்த்தார். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வையா, பயப்படாதே என்கிற பார்வையா, அவளுக்குப் புரியவில்லை. "இப்ப பஸ்ஸுக்கு நேரமாச்சு மேடம். அடுத்த தடவை வரும்போது கண்டிப்பாச் சொல்றேன்" என்றார்.

அடுத்த தடவை வரவில்லை. கடைசி வருடத்தில் ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பி, ஷூ மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ஒரு காலில் ஷூ இருந்தது. மோட்டார் இல்லை, குழி இல்லை, உயரம் இல்லை, ஒரு நாற்காலி மட்டும்.

அம்மாவின் குரல் தொலைபேசியில் வெளியே கேட்கும்படி இருந்தது. அறைத்தோழி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "யாருக்கு என்ன?" என்றாள்.

"சித்தப்பா போயிட்டாரு" என்றாள் அவள். அழுகை வருவதற்கு முன்பே அந்தச் சொல் வந்துவிட்டது. அதன் பிறகு எவ்வளவு அழுதாலும் அது சித்தப்பாவுக்கான அளவைத் தாண்டக் கூடாது என்று உள்ளே ஏதோ ஒன்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. விடுதிக் காப்பாளர் அன்பாகத்தான் பேசினார். "அப்பா அம்மான்னா எத்தனை நாள் வேணாலும் தருவோம். சித்தப்பாவுக்கு ரெண்டு நாள்தான்மா, விதி அப்படி." அவள் இரண்டு நாளில் திரும்பி வந்து தேர்வு எழுதினாள். நல்ல மதிப்பெண்.

பட்டமளிப்புக்கு அம்மா வந்தாள். இப்போது அவள் வருவதில் தடையில்லை. தந்தை இல்லை என்று கோப்பில் அவர்கள் எழுதி வைத்திருந்தது உண்மையாகிவிட்டது, யாரும் எதையும் திருத்த வேண்டியதில்லை. இஸ்திரி மடிப்புக் கலையாத புடவையில், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பட்டம் கையில் வந்ததும் மேடமிடம் சொல்லிவிடுவது என்று மகள் முடிவு செய்திருந்தாள். பட்டத்தைப் பறித்துக்கொள்வார்களோ என்ற பயம்கூட இப்போது பெரிதாக இல்லை. சொன்னால் அந்தக் கட்டுரையைப் படித்து அழுத முகம் எப்படி மாறும் என்பதுதான் பயம். நாலு வருடம் அப்பா செத்திருந்தது அந்த முகத்துக்காகவா என்று கேட்டுக்கொண்டாள். அவளுக்கே அது கேவலமாக இருந்தது.

மேடமே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அம்மாவின் கையைப் பிடித்தார்.

"ரெண்டு பேரை இழந்திருக்கீங்க. உங்க கொழுந்தனார் எனக்கு உங்க வீட்டுக்காரரைப் பத்தி முழுசாச் சொல்றேன்னு வாக்குக் கொடுத்தார். கடைசிவரைக்கும் சொல்லலை."

அம்மா மகளைப் பார்க்கவில்லை. மேடமின் கையிலிருந்து கையை எடுக்கவும் இல்லை.

"அவர் யாருக்கும் எதையும் பாக்கி வச்ச ஆள் இல்லைங்க" என்றாள். "இது ஒண்ணுதான் நின்னுபோச்சு."

"அப்ப நீதான் சொல்லணும்" என்று மேடம் மகளின் தோளைத் தட்டினார்.

"சொல்றேன் மேடம்" என்றாள் அவள்.

இன்னும் சொல்லவில்லை.